தூண் நகராது

“யார் பார்த்த வேலை இது?”

கார் நிறுத்துமிடத்தில் அப்பா குனிந்து நின்றார். பின்பக்க விளக்கு உடைந்து, பம்பர் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது.

“நான்தான்ப்பா,” என்றாள் மகள்.

அப்பாவுக்கு அதுவே அதிர்ச்சி. சட்டை கருகியபோது இஸ்திரிப்பெட்டி மேல் பழி. பரீட்சையில் கோட்டை விட்டபோது கேள்வித்தாள் மேல். முதல் வேலை போனபோது அலாரம் மேல். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘நிரபராதி’.

“நிரபராதி ஒத்துக்கறாங்களே! உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அப்பா இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர். அடிபட்ட வண்டியை வைத்தே நடந்ததைப் பிட்டுப் பிட்டு வைப்பவர். சொந்த வண்டியை விடுவாரா? பம்பரில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.

“ரிவர்ஸ். கண்ணாடி பார்க்கல. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சாச்சு. அதோ, அந்த மஞ்சத் தூண். சரியா?”

“சரிப்பா.”

“தூண் குறுக்க வந்துச்சுன்னு சொல்லலியா?”

“இல்லப்பா. அது அங்கேயேதான் இருந்துச்சு.”

அம்மா கையில் கரண்டியோடு படியிறங்கி வந்தாள். “ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்...”

“நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத.”

கதவைத் திறந்து உட்காரப் போனவர், ஸ்டியரிங் வயிற்றில் இடிக்க, அதே வேகத்தில் வெளியே வந்தார்.

“சீட்டை இப்படி ஒட்ட இழுத்து வெச்சா எப்படி ஓட்டறது? ஒட்டகம் மாதிரி வளர்ந்திருக்க, காலை எங்கம்மா வெச்ச?”

மகள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அப்பா சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார்.

“படிச்சு முடிச்சாச்சு, ரெண்டாவது வேலைக்கும் போயாச்சு. பொறுப்பு எப்பதான் வரும்? குடு சாவியை. நாளையிலேர்ந்து பஸ்.”

புது ஆபீஸ் ஊரின் மறுகோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டிலும் நிற்க வேண்டும். மகள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

“பாவங்க அவ...” என்றாள் அம்மா.

அப்பா சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். “இது உன்கிட்ட இருக்கட்டும். இந்த வீட்ல ஓட்டத் தெரியாத ஒரே ஆள் நீதான். வண்டிக்கு ஆபத்தில்ல.”

மறுநாள் காலை அப்பா ஆபீஸ் பைக்கில் புறப்பட்டார். தெருமுனை திரும்பும்வரை அம்மாவும் மகளும் மரியாதையாகக் கையசைத்தார்கள்.

“இன்னைக்கு அவர்கிட்ட சொல்லிடறேன்டி. மனசு கேக்கல.”

“லைசென்ஸ் வாங்கிட்டுச் சொல்லு. இப்ப சொன்னா, உனக்கெதுக்கு இதெல்லாம்னு இதோட நிப்பாட்டிடுவாரு. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, ஏறும்மா. இன்னைக்கு ரிவர்ஸ் மட்டும்.”

அம்மா ஏறி உட்கார்ந்து, சீட்டை மறுபடி ஸ்டியரிங்கை ஒட்டி இழுத்துக்கொண்டாள்.