கடைசி வளைவு

சரிவில் விழுந்து கிடந்த பொந்து மரத்துக்குள் எலி ஒரு சறுக்கு அமைத்தது. வருகிறவர்களைப் பாக்கு மட்டையில் உட்காரவைத்து, மரத்துக்கு வெளியே கயிறு கட்டி மேலே இழுத்து, பொந்து வழியாகக் கீழே விடும். முயல்கள் வந்து பார்த்தன. "தலைதான் சுத்துது, பயமே இல்லையே" என்று போய்விட்டன.

"வேகத்தைக் கூட்டட்டுமா?" என்று எலி கேட்டது.

"வேண்டாம்," என்றது அணில். "மேலே இழுக்கும்போது மெதுவா இழு. என்ன வரப்போகுதோன்னு அவங்களே கற்பனை பண்ணிக்குவாங்க. உள்ளே இருட்டாக்கு. நடு வளைவில் ஒரு பாம்புச் சட்டையைத் தொங்கவிடு."

அதன்பின் முயல்கள் அலறிக்கொண்டே இறங்கின. இறங்கியதும் மறுபடி வரிசையில் நின்றன.

ஒருநாள் எலியே ஏறிப் பார்த்தது. நடு வளைவில் பாம்புச் சட்டை முகத்தில் உரசியது. தான் கட்டியதுதானே என்று சிரித்தது. கடைசி வளைவில் இன்னொன்று உரசியது. அது சில்லென்று கனமாக இருந்தது.

"கடைசி வளைவில் இன்னொரு சட்டையை எப்போ கட்டினே?" என்று வெளியே வந்ததும் அணிலிடம் கேட்டது.

"நாம கட்டினது ஒண்ணுதானே."

அதற்குள் இரண்டு முயல்குட்டிகள் மட்டையில் ஏறிவிட்டன.

"இறங்குங்க. உள்ளே பாம்பு இருக்கு," என்று எலி கத்தியது.

குட்டிகள் சந்தோஷமாக வீறிட்டு, ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. எலி பாய்ந்து கயிற்றைக் கடித்து அறுத்தது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

"எலியண்ணே, இந்த நடுக்கம் பிரமாதம். நாளைக்கும் இதைச் செய்யணும்," என்றது ஒரு குட்டி.

அணில் பொந்தின் வாயைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகர்ந்தது.