லிகாயாவின் வாய்

"குழாயை இடது பக்கம் கொஞ்சம் திருப்புங்க டாக்டர். சுவரே தெரியல."

டாக்டர் அர்செனியோ பல்லைக் கடித்தார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குள் சூடு வைத்துச் சரிசெய்யும் அறை அது. கூடவே உள்ளே போய்ப் படம் காட்டும் ஸ்கேன் குழாயை, செபு நகர ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷமாகத் திருப்பி வந்தவள் லிகாயா. இன்று அவளால் முடியாது என்பதால் அதுவும் அவர் தலையில். அவள் வாய் மட்டும் ஓயவில்லை.

"எனக்கும் கண்ணு இருக்குக்கா."

"இருந்தா சரி. பான்சிட் நூடுல்ஸ் கிண்டுற மாதிரி கிண்டாதீங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு வார்த்தை பேசினீங்க..." என்று ஆரம்பித்தார் அர்செனியோ.

"சூடு வைக்கிறதை நிறுத்துங்க. அங்க பாருங்க." அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல உதட்டைக் குவித்துத் திரையின் ஓரத்தைக் காட்டினாள். "அந்தக் கறுப்புக் கோடு ஆரம்பத்துல இல்ல. ரத்தம் கசியுது."

அர்செனியோ பார்த்தார். இதயத்தைச் சுற்றி, முடி கனத்தில், இருந்தது. உடனே நிறுத்தினார். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்துக்கு மாற்று மருந்து ஏற்றச் சொன்னார். பத்து நிமிஷம் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கோடு அதற்குமேல் தடிக்கவில்லை.

நர்ஸ் அவர் நெற்றி வியர்வையை ஒற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் நச்சரிச்சிருந்தா, தூக்க மருந்தைக் கூட்டி உங்களைத் தூங்கவச்சிருப்பேன்க்கா" என்றார் அர்செனியோ.

"நல்லவேளை, வைக்கல." மேசையோடு சேர்த்துக் கட்டியிருந்த கையை லிகாயா அசைக்கப் பார்த்தாள். "இனிமேலாவது மெதுவாத் திருப்புங்க டாக்டர். அது என் இதயம்."