இரண்டாவது வரி

கானகப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் அணிலுக்கு அன்றுதான் முதல் ஆய்வுரை. பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான், இரண்டாவது வரியில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டிருந்தது அதன் கண்ணில் பட்டது. வாலெல்லாம் வியர்த்தது. முன்வரிசையில் எருமை பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தது. காகம் போண்டா வரும் வாசலையே பார்த்திருந்தது. துறைத் தலைவர் ஆந்தை நல்ல உறக்கத்தில் இருந்தார். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அணிலுக்கு மனசு கேட்கவில்லை.

"மன்னிக்கணும். இரண்டாவது வரியே தப்பு. அதுக்குக் கீழே எழுதினது எதுவும் நிக்காது" என்றது.

பேச்சு நின்றதும் ஆந்தை விழித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப அருமை. இது எல்லா எண்களுக்கும் பொருந்துமா?"

அணில் கொஞ்சம் யோசித்தது. "இந்தத் தப்பா? ஒண்ணு விடாமப் பொருந்தும், ஐயா."

அரங்கமே எழுந்து கைதட்டியது.