கடைவாய்ப் பல்

வெல்டருக்குப் பல்வலியே கிடையாது. குடித்த வாடை தெரியாமலிருக்க, கிராம்புத் தைலத்தை ஈறில் தடவிக்கொண்டுதான் தினமும் வீட்டுக்குள் நுழைவார். கேட்டால், "கடைவாய்ப் பல்லு உயிரை எடுக்குது" என்பார். எப்போதோ வாங்கிய ஒரே குப்பி, இன்னும் தீர்ந்தபாடில்லை.

மனைவி பாவம், சோற்றைக் குழையக் குழைய வடித்துப் போட்டாள். இன்று தையல் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பல் டாக்டரிடம் போகலாமென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இப்ப வலி இல்லடி. திரும்பிடலாம்."

"முதல்ல மாடி ஏறுங்க. நான் பின்னாலயே வர்றேன்."

வெல்டருக்கு மனசு குறுகுறுத்தது. நம்பி வந்தவளிடம் குட்டு உடைவதைவிட, டாக்டர் காலில் விழுந்தாவது ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வதே மேல் என்று முடிவு செய்து கதவைத் திறந்தார்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள், ஏழெட்டுப் பேர்.

"டாக்டர் இல்லீங்களா?"

"இங்க டாக்டர் கிடையாதுங்க," என்றார் ஒரு கண்ணாடிக்காரர். "குடியை விடணும்னு நினைக்கிறவங்க கூடிப் பேசுற இடம். நாங்க எல்லாரும் குடிச்சவங்கதான். உட்காருங்க."

"ஐயையோ, தப்பா வந்துட்டோம்!" என்று வெல்டர் திரும்பினார். மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"சரியாத்தான் வந்திருக்கோம். எத்தனை தெரு அலைஞ்சு இந்த இடத்தைக் கண்டுபிடிச்சேன் தெரியுமா?"

"உனக்கு... எப்பத்திலிருந்து தெரியும்?"

"ஒரு குப்பித் தைலம் ஒரு வருஷம் வருமாங்க?" அவள் தலைகுனிந்தாள். "பிள்ளைங்களுக்கு வாடை தெரியக் கூடாதேன்னு, தீரத் தீர நான்தான் ஊத்தி வச்சேன். நானும் கூட்டுக்களவாணிதாங்க."

கண்ணாடிக்காரர் இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.