லண்டனில் இப்போது அதுதான் ஃபேஷன்

பின்பக்கம் துப்பாக்கி முதல் தடவை வெடித்ததும் போன் மணி அடித்தது.

நெவில் அசையவில்லை. மனைவி லோரெய்ன்தான் எடுத்தாள். "டீகன், லண்டன்லேர்ந்து" என்று அவர் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஆஸ்திரேலியாவின் அந்த ஆட்டுப் பண்ணையில் மூன்றாவது வருஷமாக மழை இல்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாத செம்மறிகளை எந்த லாரிக்காரனும் ஏற்றமாட்டான். சுட்டுவிடுவதுதான் அவற்றுக்குச் செய்கிற உபகாரம். நெவிலுக்குக் கை வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் கோலின், துப்பாக்கியோடு வந்திருந்தார்.

மகள் டீகனுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் வேலையை உதறிவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள்.

"அப்பா, சிரிக்காம கேளு. இங்க பெரிய இடத்துப் பொண்ணுங்கள்லாம் நம்ம ஆட்டுத்தோல் பூட்ஸைப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்கறாளுங்க!"

"எது, இப்ப என் கால்ல கிடக்கே, இந்தக் கண்றாவியா?"

"அதேதான். குட்டைப் பாவாடையோட!"

ஊரில் அதைப் போட்டுக்கொண்டு வாசல் தபால்பெட்டி வரை போகலாம். அதைத் தாண்டினால் மானம் போய்விடும். கிளப்பில் உள்ளேயே விடமாட்டார்கள்.

லண்டனில் பூட்ஸ் விற்கிற கடைக்காரி டீகனுக்கு அதன் சரித்திரமே சொன்னாளாம். விமானப்படை வீரர்கள் போட்டது, அலைச்சறுக்கு வீரர்கள் போட்டது, ஆஸ்திரேலிய மண்ணின் அரிய கைவினை மேதைகள் செய்தது. நெவிலின் அப்பா ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் மிச்சத் தோலைக் காலில் சுற்றி, சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டவர். கால் குளிர்ந்தது. மேதைமை அவ்வளவுதான்.

மறுபடி வெடித்தது. நெவில் பலமாக இருமினார்.

"இருமல் ஜாஸ்தியா இருக்கேப்பா?"

"எல்லாம் புழுதிம்மா."

அடுத்தடுத்து வெடித்தது. அவர் அடுத்தடுத்து இருமினார். டீகன் குரலை உயர்த்தினாள். வெளிநாட்டு லைன் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆடுங்ககிட்ட சொல்றேன். தலைக்கனம் வந்துடும்" என்றார்.

அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். பிறகு நிறங்களைச் சொன்னாள். ரோஜா நிறம், ஊதா நிறம். கொட்டுகிற மழையில் அதோடு நிற்கிறாளுங்க, தோல் என்னத்துக்கு ஆகும், கிறுக்குங்க.

"அங்க மழையா?"

"தினமும்ப்பா" என்றாள். உடனே எதையோ கொட்டிவிட்டவள்போல வேகமாக ஊதா பூட்ஸுக்கே திரும்பினாள்.

மூச்சு விடாமல் பேசினாள். சின்ன வயதிலும் இப்படிப் பேசினவள் இல்லை.

பின்பக்கம் சத்தம் நின்றது. நெவில் காத்திருந்தார். வேலிக் கதவைச் சாத்தும் ஓசை மட்டும் வந்தது.

டீகனும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாள். லைன் துல்லியமாக இருந்தது. அவள் மூச்சு கூடக் கேட்டது.

"முடிஞ்சுதாப்பா?" என்றாள்.