கோழி வளர்ப்புக்குப் பின்னால்

"எங்கே இப்படி இடித்துக்கொண்டு நுழைகிறாய்?" என்றது கோழி வளர்ப்புப் புத்தகம். ஒரு மாணவி அதன் பின்னால் புள்ளியியல் புத்தகத்தைச் செருகிவிட்டு அப்போதுதான் நகர்ந்தாள்.

"என்னை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதாம். என்மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்," என்றது புள்ளியியல்.

"வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே?"

"மூன்றுக்கு மேல் தரமாட்டார்களே. ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்."

"போன வருஷம் இங்கே ஒளிந்திருந்த பௌதிகமும் இதையேதான் சொன்னார். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள்தான் அவரை வெளியே எடுத்தார்கள்."

அந்தச் சமயம் ஒரு மாணவன், "நாளைக்குப் பரீட்சை. புள்ளியியல் எங்கே போச்சு?" என்று முணுமுணுத்தபடி அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டு வந்தான்.

"நூலகத்தில் பேசக் கூடாது," என்று அவசரமாகக் கிசுகிசுத்தது புள்ளியியல்.

கோழி வளர்ப்பு பேசவில்லை. பக்கத்துப் புத்தகத்தின்மேல் மெல்லச் சாய்ந்து கொஞ்சம் இடைவெளி விட்டது.