கடிகாரம் இருந்த இடம்

“கடிகாரம் அங்கே இல்லடா. ஜன்னலுக்கு இடப்பக்கம்!” என்றார் அக்கா.

ஓவியரான தம்பி மறுபேச்சில்லாமல் படத்திலிருந்த கடிகாரத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். அப்பாவின் வீட்டை விற்ற சண்டையில் எட்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாத அக்கா, அந்த வீட்டுக் கூடத்தைத் தம்பி எண்ணெய் வண்ணத்தில் வரைவதாகக் கேள்விப்பட்டுத்தான் வாசல்படி ஏறினார். அன்றிலிருந்து வாரம் ஒரு குறை. எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சு காய்ந்தால்தான் மேல்பூச்சு ஏறும். காய ஒரு வாரம் பிடிக்கும். காய்ந்ததும் அக்கா வந்துவிடுவார்.

“அப்பா நாற்காலியையே மூணு தடவை நகர்த்திட்டேன்க்கா. அவர் அதுல உட்கார்ந்திருந்தா எழுந்து ஓடியிருப்பார்!”

அக்கா சிரித்தபடி முகம் கழுவப் போனார்.

மனைவி ஒரு பழைய போட்டோவை நீட்டினார். “உங்க அக்கா பையிலிருந்து விழுந்துச்சு. அந்தக் கூடம்தான். நீங்க முதல்ல வரைஞ்சது அத்தனையும் சரி! இதைக் கையில வச்சுக்கிட்டே வேணும்னு தப்பாச் சொல்றாங்க!”

“தெரியும். என்கிட்டயும் ஒரு பிரதி இருக்கு.”

“அப்புறம் எதுக்குச் சுரண்டறீங்க?”

“படம் முடிஞ்சுட்டா அவ எதைச் சாக்கு வச்சு இங்க வருவா? சத்தம் போடாம பையிலேயே வச்சிடு.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏன்க்கா, ஜன்னலுக்கு ஏழு கம்பிதானே?”

“அவசரப்படாதே. நல்லா யோசிச்சு, அடுத்த வாரம் வந்து சொல்றேன்டா.”